விறாந்தையில் படுப்பவருக்கு எந்தக் கோப்பு?

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கடைசி பஸ் போன பிறகு வாங்கில் சுருண்டு படுக்கும் மனிதருக்கு, இந்த நாட்டின் சட்டப் புத்தகம் 1841-ஆம் ஆண்டே ஒரு பெயர் வைத்துவிட்டது. அந்த ஆண்டின் 4-ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், விறாந்தையிலோ கொட்டிலிலோ ஆளில்லாத கட்டடத்திலோ வண்டிலுக்குள்ளோ தங்கி, பிழைப்புக்கு வழி இருப்பதைக் காட்ட முடியாமல், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கமும் சொல்ல முடியாமல் நிற்பவரைக் குற்றவாளி என்கிறது. தண்டனை 14 நாள் வரை சிறை, இல்லாவிட்டால் 10 ரூபா வரை தண்டம். 10 ரூபாவுக்கு இன்று ஒரு பிளேன்டீயும் வராது. சட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தண்டிக்கச் சட்டம் உண்டு, தாங்கச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை, உணவு, உடை, வீடு உட்படப் போதிய வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரஜைகளும் அடைவதை அரசின் குறிக்கோளாக எழுதி வைத்திருக்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி 29 வந்து, இதை வைத்து யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது என்று சாத்திவிடுகிறது. அந்த 1841-ஆம் ஆண்டுச் சட்டத்தை நமக்கு விட்டுப்போன இங்கிலாந்து, 1977-இல் தன் ஊரில் வேறொரு சட்டம் போட்டு, முன்னுரிமைக்குரிய வீடற்றவர்களுக்கு இருப்பிடம் தேடிக் கொடுப்பதை உள்ளூராட்சி சபைகளின் கடமையாக்கியது. நம்மிடம் தங்கியது முதலாவது மட்டும்.

ஆகவே கல்லடியில் இருந்து பொத்துவில் வரை எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போய், "இவருக்கு வீடு வாசல் இல்லை" என்று சொன்னாலும், எந்த மேசைக்கு அனுப்புவது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. "மறுகா வாங்க" என்பார். அவர் மனம் கல் என்பதால் அல்ல; அந்தத் தலைப்பில் அவரிடம் கோப்பு இல்லை. முதியவருக்கு ஒரு கோப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு ஒன்று, காணியற்றவருக்கு ஒன்று, வறிய குடும்பத்துக்கு ஒன்று, வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்று. விறாந்தையில் படுப்பவர் இவற்றில் ஏதாவது ஒரு பெயருக்குள் நுழைந்தால்தான் ஆள் என்று கணக்கில் வருவார். எந்தப் பெயரில் போனால் எந்த மேசை அசையும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீடு பெண்ணுக்கு, தெரு ஆணுக்கு

முதலில் நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பேச வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இருந்து வரும் சுற்றுநிருபங்களில் இது இருக்காது. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், தெற்கே அம்பாறைக் கரையோரம் முழுக்கவும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கு. வீடும் வளவும் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னால் ஒரு சிறிய வீடு போட்டு ஒதுங்குவார்கள். அடுத்தவள் வளர்ந்தால் அதுவும் அவளுக்கு. மூன்று பெண்பிள்ளை பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் குசினிக்குள் படுப்பதை ஊரில் யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை.

இந்த ஏற்பாடு பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. புருஷன் விட்டுப்போனாலும் கூரை இருக்கும். ஆனால் அதன் மறுபக்கம், மனைவி இறந்த அல்லது பிரிந்த ஆணுக்குத் திரும்பிப்போக வீடு இல்லை. தாய் வீடு இப்போது தங்கச்சி வீடு. அங்கே மச்சான் இருக்கிறார். ஒரு மாதம் தாக்குப்பிடிக்கலாம். பிறகு வயல் வாடி, மீன் வாடி, கடை விறாந்தை, பஸ் நிலையம். கூரை இழந்த பெண்கள் தெருவில் குறைவாகத் தென்படுவதற்குக் காரணம், அவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில் சம்பளமில்லாத வேலைக்காரியாக மறைந்துவிடுவது. அவர்களை எந்தக் கணக்கெடுப்பும் வீடற்றவராக எழுதாது.

இங்கே தடுக்கக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. மகளுக்குச் சீதன உறுதி எழுதும்போது பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுத வேண்டும். நொத்தாரிசிடம் ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் போதும். அந்த வரி இருந்தால், இருவரும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்து அவர்களை எழுப்ப முடியாது, வீட்டை வாங்குபவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து பலர் அதை விட்டுவிடுகிறார்கள். சுளிக்கட்டும். வரி இல்லாமல் எழுதி, பிறகு மகளோ மருமகனோ வெளியே தள்ளினால், மிஞ்சுவது மாவட்ட நீதிமன்ற வழக்கு மட்டும்: மோசமான நன்றிகேட்டைக் காட்டி நன்கொடை உறுதியை இரத்துச் செய்யும் வழி 2017-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 75 வயதில் அந்த வழக்கை யார் நடத்துவது?

கடனுக்கு உறுதி வைப்பவர்களும் கவனிக்க வேண்டியது: கையெழுத்து வைப்பது ஈட்டு (அடமான) உறுதியிலா, அறுதி (விற்பனை) உறுதியிலா என்று முதல் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். "ஈடு மாதிரித்தான், காசு தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்று வாயால் சொல்லி அறுதியில் கையெழுத்து வாங்குவது கடன் கொடுப்பவர்களின் பழைய வித்தை. அறுதி எழுதினால் அது விற்றதுதான்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில் கதை இன்னும் சிக்கல். 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பன் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கும். அந்தக் காணியில் வீடு கட்டி மகளுக்கு வாயால் சீதனம் கொடுத்திருப்பார். தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயரைப் பதியாமல் அவர் இறந்தால், வாரிசு வரிசையைச் சொல்லும் மூன்றாம் அட்டவணைதான் பேசும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அந்த அட்டவணை பெண்பிள்ளைக்கு முன் ஆண்பிள்ளையை வைத்தது. ஊர் வழக்கில் மகளுடைய வீடு, கடதாசியில் மகனுடைய காணி. அண்ணன் தங்கச்சிக்குள் மூளும் காணிச் சண்டைகளில் இப்படித் தொடங்கியவை ஏராளம். பெர்மிட் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகக் காணிப் பகுதியில் பின்னுரித்தாளரைப் பதிந்துவிட வேண்டும். இறந்த பிறகு என்றால், உரித்தாளர் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு; வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை "அடுத்த வருஷம் வந்து பார்ப்பேன்" என்று விட்டால் உரிமை போகும்.

53190

வீடு போன பிறகு அடுத்ததாகப் போவது அடையாள அட்டை. மழையில் சொப்பின் பேக்கோடு கரைந்து போகும், சாராயக் கடனுக்கு யாரிடமாவது அடகில் இருக்கும், அல்லது பழைய வீட்டு அலுமாரிக்குள் கிடக்கும். கேட்கப் போக மானம் விடாது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் கொடுப்பனவு இல்லை. 1841-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் "திருப்தியான விளக்கம்" என்பதும் நடைமுறையில் பொலிஸ்காரரிடம் நீட்ட ஓர் அட்டை இருக்கிறதா என்பதுதான். ஆகவே ஒருவருக்கு உதவ நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் வீடு அல்ல, இந்த அட்டை.

அட்டை தொலைந்தாலும் இலக்கத்தை மறக்காதவர்கள் நிறையப் பேர். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஒப்புவித்து ஒப்புவித்து அது நாக்கில் ஊறிப்போயிருக்கும். பழைய இலக்கம் 9 எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் 2 எண் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 53190 என்று தொடங்கினால் ஆள் ஆண், 1953-இல் 190-ஆவது நாள் பிறந்தவர். இதிலே ஒரு பொறி உண்டு: அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான். சாதாரணக் கலண்டரில் எண்ணினால் ஜூலை 9 வரும். சரியான விடை ஜூலை 8. இந்த ஒரு நாள் பிழையோடு பிறப்புச் சான்றிதழ் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டு, "பதிவைக் காணவில்லை" என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள் உண்டு.

இலக்கமும் நினைவில்லையா? அவருக்குப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். அதிலே தகப்பனின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றும் தனித்தனிக் கூட்டில் எழுதியிருக்கும். பேசாத மகனிடம் கேட்க வேண்டியதில்லை. பதிவு இருக்கும் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பும் உதவும். யுத்தத்தாலும் சுனாமியாலும் உள்ளூர்ப் பதிவேடு அழிந்த இடங்களில், இரண்டாம் பிரதி கொழும்பு மாளிகாவத்தை மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று பதிவாளர் பகுதி மூலம் தேடச் சொல்ல வேண்டும். எங்கும் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகுதான் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி திறக்கும். அந்த "இல்லை" கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த கட்டத்துக்கு அதுதான் அத்தாட்சி.

தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். படம் பழைய மாதிரிப் பாஸ்போர்ட் படம் அல்ல. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் கணினியில் ஏற்றித் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். தெருவில் இருப்பவருக்கு இந்தப் படக் காசும் சவரக் காசும்தான் பெரிய செலவு; உதவ நினைப்பவர்கள் சோற்றுப் பார்சலுக்கு முன் இதைக் கொடுக்கலாம்.

விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) வழியாகப் போக வேண்டும். இங்கேதான் முடிச்சு. படுப்பது பஸ் நிலையம் இருக்கும் பிரிவில், அந்த ஜீ.எஸ். "இவர் என்ட பிரிவில பதிவில்லையே" என்பார். அவர் சொல்வதில் பிழையில்லை. அவரோடு சண்டை பிடிப்பதை விட, ஆள் கடைசியாக எந்தப் பிரிவில் வாக்காளர் இடாப்பில் இருந்தார் என்று கண்டுபிடிப்பதே குறுக்கு வழி. வாழைச்சேனைக்காரர் களுவாஞ்சிகுடியில் படுத்துக் கிடந்தாலும், அவருடைய கடதாசி வாழைச்சேனையில்தான் இருக்கும். அங்கே இடாப்பைப் புரட்டினால் பெயர் வரும், பழைய ஆட்கள் முகம் அறிவார்கள், ஜீ.எஸ். கையெழுத்து வைக்கத் தயங்க மாட்டார்.

அங்கேயும் பெயர் வெட்டுப்பட்டிருந்தால் யாராவது ஒருவர் தன் வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் பின்வாங்குவது பெரும்பாலும் இரண்டு பயத்தால். ஒன்று, "பேரப் பதிஞ்சா நாளைக்கு வளவுல பங்கு கேப்பார்." இது தேவையில்லாத பயம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது உறுதி ஆகாது. மற்றது, குடும்பத்தில் ஓர் ஆள் கூடினால் வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் அஸ்வெசும குழம்பும் என்பது. இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. குடும்ப விபரம் மாறினால் மீளப் பார்ப்பார்கள். அதனால் வந்தவரை அதே குடும்பத்தில் சேர்க்காமல், அதே விலாசத்தில் தனிச் சமையல் செய்யும் தனிநபர் குடும்பமாகப் பதியக் கேட்பது நல்லது. உண்மையில் தனியாகத்தான் உண்கிறார் என்றால் அதில் பொய்யும் இல்லை.

மாதக் காசு

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, 6 துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்து வறுமையை அளக்கிறது. வீட்டின் நிலை அதில் ஒரு துறை. சுவரே இல்லாதவருக்கு அந்தத் துறையில் முழுப் புள்ளி கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் படிவத்தை நிரப்ப உத்தியோகத்தர் ஒரு வீட்டுக்கு வர வேண்டும், வீட்டுக் கதவில் நின்று கேள்வி கேட்க வேண்டும். வறுமையை வீடு வீடாகப் போய் அளக்கும் திட்டம், வீடே இல்லாதவரைத் தாண்டிப் போய்விடுகிறது. மேலே சொன்ன தனிநபர் குடும்பப் பதிவு இதற்காகவும்தான். 2025 ஜனவரியில் இருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும். ஆளுக்கு அட்டையும் விலாசமும் இருந்தால், இந்தப் பிரிவுகளுக்குள் வராமல் போவது அரிது. வராவிட்டால் மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கும்போது விடாமல் போட வேண்டும்.

70 வயது தாண்டிய, வருமானம் குறைந்தவருக்கான கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000-இல் இருந்து 5,000 ரூபாவானது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 7,500-இல் இருந்து 10,000. மனநோயோடு தெருவில் திரிபவரையும் மாற்றுத்திறனாளி என்ற பெயரில் கொண்டுபோகலாம். அதற்கு அரச வைத்தியரின் அறிக்கை வேண்டும், ஆகவே முதல் வாசல் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவு. அங்கே கிளினிக் கொப்பி ஒன்று போட்டுவிட்டால் அந்தக் கொப்பியே பிறகு அடையாளமாக உதவும்.

எங்கள் பெற்றோர் "பிச்சைச் சம்பளம்" என்று சொன்ன பொதுசன உதவிப்பணம், மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. தொகை மிகச் சிறியது. அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டே வாங்காமல் விட்ட கிழவர்கள் இருக்கிறார்கள். பெயரை மாற்றினால் செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் மாகாண சபைக்கு 2017 செப்டெம்பரில் காலம் முடிந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. இந்தச் சங்கதியை எந்த உறுப்பினரிடம் போய்ச் சொல்வது?

கட்டில் ஒன்று

60 வயது ஆனவர் முதியோர் இல்லம் போகலாம் என்பது பொதுவான பதில். போகலாம், ஆனால் கட்டில் குறைவு. நம் பக்கத்தில் இல்லங்களை நடத்துவது பெரும்பாலும் சமய, தருமத் தாபனங்கள். ஜீ.எஸ். கடிதம், சமூக சேவை உத்தியோகத்தரின் சிபாரிசு, தொற்றுநோய் இல்லை என்ற வைத்திய அறிக்கை, அவசரத்துக்கு அழைக்க ஓர் ஆளின் பெயர் எல்லாம் கேட்பார்கள். கடைசியாகக் கேட்பதுதான் தடக்கும் இடம். ஆள் செத்தால் யார் பொறுப்பெடுப்பது என்பதே அந்தக் கேள்வியின் பொருள். பள்ளிவாசல் நிருவாகமோ கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரோ பாதிரியாரோ பெயர் கொடுத்தால் கதவு இலகுவாகத் திறக்கும். குடிப்பழக்கம் இருந்தால் எந்த இல்லமும் எடுக்காது; அதை மறைத்துச் சேர்த்தால் மூன்றாம் நாள் ஆள் மறுபடி பஸ் நிலையத்தில் இருப்பார், அடுத்த முறை நீங்கள் கொண்டுபோகும் ஆளையும் எடுக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு வசதி இருந்து கைவிட்டிருந்தால், 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேட்க வேண்டும். சபை பிள்ளைகளை அழைத்து மாதப் பராமரிப்புத் தொகையை விதிக்கலாம். சட்டம் நல்ல சட்டம். ஆனால், "பெத்த புள்ளைய விசாரணைக்கு இழுக்கிறதா மகன்?" என்று பெற்றவர்கள் கையெழுத்து வைக்க மறுப்பார்கள். அந்த மறுப்பை வற்புறுத்தி உடைக்காமல் விடுவதே முறை. இப்படி ஒரு கடிதம் வரப்போகிறது என்று உத்தியோகத்தர் தொலைபேசியில் சொன்னாலே சில பிள்ளைகள் ஓட்டோ பிடித்து வந்து கூட்டிப்போவதும் உண்டு.

60-க்குக் கீழே, உடம்பு சுகமான, தனி ஆணுக்கு? அவருக்குரிய கோப்பு எதுவும் இல்லை. மிஞ்சுவது வேலையும் வாடகை அறையும். வயல் அறுவடைக் காலத்தில் வாடி. சிறுவர் என்றால் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் 1929, வீட்டு வன்முறையில் வெளியேறிய பெண் என்றால் 1938. இவை இரவிலும் உதவும். மனநலத்துக்கு 1926. நினைவு தவறி விழுந்து கிடப்பவருக்கு 1990 அம்பியூலன்ஸ், அட்டையும் காசும் கேட்காது.

காணிக் கச்சேரியும் 30 நாளும்

வாவி ஓரத்திலோ வீதி ஒதுக்கிலோ தகரக் கொட்டில் போட்டிருப்பவருக்கு வரும் கடிதம், 1979-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வருவது. வெளியேற 30 நாளுக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும். தவணை முடிந்தால் விடயம் நீதவானிடம் போகும். அங்கே எத்தனை வருஷம் இருந்தோம், எத்தனை பிள்ளை, மின்சாரப் பட்டியல் யார் பெயரில் என்பதெல்லாம் எடுபடாது. செல்லுபடியான பெர்மிட் அல்லது அரசின் வேறு எழுத்து அனுமதி இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். தனியார் காணியில் 10 வருஷம் இருந்தால் ஆட்சியுரிமை கேட்பது போல அரச காணியில் கேட்க முடியாது. அரச காணி தொடர்பில் அதிகாரியின் முடிவை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கும் வழியையும் 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் மூடிவிட்டது. இனிக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். தகரக் கொட்டில்காரர் கொழும்பு போய் வழக்குப் பேசுவதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எதைச் செய்தாலும் அந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். கடிதத்தைக் கூரையில் செருகிவிட்டு இருக்கக் கூடாது. மாற்றுக் காணி கேட்டுப் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தபால் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுக் கந்தோர் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. கடிதம் வந்த கிழமையே போக வேண்டும். அடுத்த காணிக் கச்சேரி எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். அங்கே காணியற்றோரை விசாரித்துத் தெரிவுசெய்வார்கள். தனியாள் பின்னுக்குத் தள்ளப்படுவது அங்கேயும் வழக்கம்.

காணி இல்லாமல் வீட்டுத் திட்டம் இல்லை. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்த இந்திய வீட்டுத் திட்டமும், பயனாளி தன் காணியில் தானே கட்டும் முறைதான். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒன்று, கூரைக்கு ஒன்று. தவணைக் காசு வரும் முன் சாமான் விலை ஏறும். ஆசையில் ஒரு அறை பெரிதாக அத்திவாரம் வெட்டியவர் லின்டல் மட்டத்தில் நிற்பார். மீதியை நுண்கடனில் கட்டுவார். வீடு கிடைத்ததாலேயே கடனில் விழுந்தவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. மறுபக்கம், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காகச் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள், வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பற்றை மூடின. கூரையும் ஆட்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் சேரவில்லை.

சுனாமிக்குப் பிறகு இடைத்தங்கலாகவும் மீள்குடியேற்றமாகவும் சனம் ஏற்றப்பட்ட திராய்மடுவுக்கு, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) இப்போது போய்விட்டது. பஸ் நிலையத்தில் படுப்பவருக்கு முன்பு நடை தூரம்; இப்போது பஸ் காசு.

மாரியில் மட்டும்

ஆடி, ஆவணி தெருவில் இருப்பவருக்கு நல்ல காலம். மாமாங்கத் தீர்த்தம், தாந்தாமலை, மண்டூர், கொக்கட்டிச்சோலைத் தேர் என்று அன்னதானம் துரத்தும். மண்டபத்தில் படுத்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். கதிர்காமப் பாதயாத்திரையில் நடப்பவர்களில் வேறு போக்கிடம் இல்லாதவர்களும் கலந்திருப்பார்கள். கார்த்திகை பிறந்தால் நிலைமை தலைகீழ்.

ஆனால் அந்த மாரியில்தான் அரசு கேள்வி கேட்காமல் கூரை கொடுக்கிறது. வாவி பெருகிப் பள்ளிக்கூடங்கள் முகாமாகும்போது, சமைத்த சாப்பாடு வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கிடைக்கும். உலர் உணவு என்று வரும்போது ஜீ.எஸ். இடாப்பு வெளியே வரும். குடும்ப அட்டை கேட்பார்கள். முதல் நாளே பெயரைத் தனிநபர் குடும்பமாக எழுதச் சொல்லிவிட வேண்டும், மூன்றாம் நாள் கேட்டால் பட்டியல் பிரதேச செயலகம் போய்விட்டது என்பார்கள். முகாம் பதிவில் பெயர் ஏறினால் அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். குறித்த திகதியில் அந்த ஆள் அந்தப் பிரிவில் இருந்தார் என்பதற்கு அரச உத்தியோகத்தர் கையால் எழுதிய ஆதாரம் அது. அடையாள அட்டை விண்ணப்பத்தில் "பதிவில்லையே" என்பவருக்கு முன் வைக்க அதைவிட நல்ல கடதாசி கிடைக்காது. நட்டஈட்டுப் படிவம் மட்டும் அவருக்கு வராது. சேதமடைந்த வீட்டின் விபரம் கேட்கும் படிவம் அது.

அம்பாறைப் பக்கத்தவருக்கு ஒரு கூடுதல் குறிப்பு. மாவட்டச் செயலகத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். அரச கந்தோரோடு தமிழில் தொடர்பாடும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. வெளியேற்றக் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் 30 நாளைக் கடத்தியவருக்கு நீதவான் முன் அது சாக்காகாது.

வீட்டுத் திட்டத்திலோ காணிக் கச்சேரியிலோ பெயர் ஏன் விடுபட்டது என்று அறிய 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் பதில் சுற்றிவளைக்கும். "இந்தத் தெரிவில் பயன்படுத்திய புள்ளித் திட்டத்தின் பிரதி, தெரிவானோர் பட்டியலின் பிரதி, எனது விண்ணப்பத்துக்குக் கிடைத்த புள்ளி" என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பதாரரின் விலாசம் என்ற கூட்டில் மட்டும் பேனை நிற்கும். பொறுப்பெடுத்தவரின் விலாசத்தை எழுதி, கீழே "பதிலை நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்" என்று சேர்த்து, ஒப்படைத்த திகதிக்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.